மாயாண்டி குடய புடிச்சுப் பேசுன மனுசன்

“ஊருல உள்ள அப்பன் அத்தன பேரும் எங்கிட்ட வந்து கொட்டிட்டுப் போறான். நான் எங்க போயி கொட்டுறது?”

சோலைமலை தெனமும் சொல்ற பேச்சு இது. விடியக்காலையில அடுப்பு முன்னுக்குக் குந்திக்கிட்டு ஒருக்கா, சாயந்தரம் ஸ்டோர்ல இருந்து வந்து கால் கழுவயில ஒருக்கா. அவரு பொண்டாட்டி நாகலெட்சுமி தேயிலக் கொழுந்து பறிக்கப் போற பொம்பள. ரொட்டிய சுருட்டி மடியில வச்சுக்கிட்டு காலையில பேரு குடுக்குற பெரட்டுக்கு ஓடணும். நின்னு கேக்க நேரம் ஏது?

“கொட்டுறதுக்கு எடமா இல்ல? பீலித் தண்ணி போற கான் பெருசாத்தான் கெடக்கு. அதுல போயி கொட்டுங்க”ன்னு சொல்லிட்டு, கூடக் கயித்த தலையில மாட்டிக்கிட்டு போயிரும்.

அது சொல்றதும் தப்பில்ல. அவரு கேக்குறதும் தப்பில்ல. ரெண்டு பேருக்கும் நடுவுல நடந்து போன கதைதான் தப்பு.

நோர்வூட்டுல இருந்து மேல ஏறிப் போனா ஒரு தோட்டம். பேரு எதுக்கு, அங்க இன்னும் ஆளுக இருக்காங்க. அந்தத் தோட்டத்து மேக்கணக்குல, அதான் மேல் பிரிவுல, வரிச வீடா கட்டுன ரெண்டாவது லயம், கடைசிக் காம்பரா சோலைமலை வீடு. தேயில அரைக்கிற ஸ்டோர்ல மேல் மாடியில பச்சக் கொழுந்த பரப்பி வாட்டுற வேல. இவரு கிட்ட வந்து நின்னாலே கொழுந்து வாசம் அடிக்கும்.

தொண்ணூத்தெட்டாம் வருசம் ஹட்டன்ல இருந்து ஒரு நிறுவனத்துக்காரங்க வந்தாங்க. வழக்கமா வாரவங்க பொம்பளைகளத்தான் கூப்பிடுவாங்க. கைக்கொழந்தைய எப்படிக் குளிப்பாட்டுறது, என்ன சாப்பாடு குடுக்குறதுன்னு பாடம் நடத்துவாங்க. நாலு புள்ள பெத்தவளுக்கு நேத்து காலேஜ் முடிச்ச புள்ள வந்து சொல்லிக் குடுக்கும், அவளும் தலைய ஆட்டிக் கேட்டுக்கணும். இவங்க அப்படியில்ல. அப்பன்மாருக்கு வகுப்பாம். புள்ளைய அடிக்காம வளக்குறது, பொண்டாட்டி மாசமா இருந்தா கூட கிளினிக்குக்குப் போறது, சம்பளத்தன்னிக்கு சாராயத் தவறணைப் பக்கம் திரும்பாம வீட்டுக்கு வாரது. அத தோட்டத்துலயே ஒரு ஆம்பள நடத்தணுமாம். குடிக்கக் கூடாது, தமிழ் எழுத வாசிக்கத் தெரியணும், புள்ளகுட்டிக்காரனா இருக்கணும்.

மேக்கணக்கு முழுக்க சலிச்சுப் பாத்தாங்க. மூணே மூணு பேரு தேறுனாங்க. ஒருத்தரு கோயில் பூசாரி, அவருக்கு ஞாயித்துக்கெழம நேரமில்ல. இன்னொருத்தருக்கு ரெண்டு காதும் கேக்காது. மிச்சம் சோலைமலை. இப்படித்தான் அந்த மனுசன் வாத்தியாரானாரு, வேற ஒண்ணும் பெரிய தகுதியில்ல.

பயிற்சி ஹட்டன் பஜாருல, ஒரு இரும்புக்கட மேல் மாடியில. மரப்படி ஏறிப் போகணும். ஆறு தோட்டத்துல இருந்து ஆறு பேரு வந்திருந்தாங்க. பொறுப்பா இருந்தவரு குகநேசன்னு யாழ்ப்பாணத்துக்காரரு. மெலிஞ்ச மனுசன், கண்ணாடி போட்டிருப்பாரு, குளிருக்கு எப்பயும் காதுல பஞ்சு.

மொத நாளு மொதக் கேள்வியே சோலைமலைகிட்டத்தான் கேட்டாரு. “அண்ணை, உங்கட மகள் எத்தினையாம் வகுப்பு?”

“மூணாங் கிளாஸுங்க சேர்.”

“அவவின்ர சிநேகிதி ஆர்?”

சோலைமலை மேல பாத்தாரு, கீழ பாத்தாரு. தெரியல. வீட்டுக்கு வந்து மகள் நிலக்ஷிகிட்ட கேட்டா, அது அஞ்சாங் கிளாஸ். ஸ்காலர்ஷிப் பரீட்ச எழுதிட்டு ரிசல்ட்டுக்குக் காத்துக்கிட்டு இருக்கு. “ரெண்டு வருசமா நான் ஒங்க வீட்டுலதான்ப்பா இருக்கேன்”ன்னு சொல்லிச்சாம் அந்தக் குட்டி. பத்து வயசு. ஒரே புள்ள. அதுக்கு முன்ன வாரத்துக்கு ரெண்டு தடவயாச்சும் அந்தப் புள்ளைக்கு முதுகுல விழும். அன்னைக்கே புள்ள தலையில கை வச்சு, இனிமே அடிக்க மாட்டேன்னு சொன்னாரு. சொன்னபடி ஏழு வருசம் இருந்தாரு. அத ஒத்துக்கத்தான் வேணும்.

ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு வகுப்பு, புள்ள மடுவத்துல. தாய்மாரு கொழுந்துக்குப் போகயில கைக்கொழந்தைகள விட்டுட்டுப் போற எடம் அது. ஞாயித்துக்கெழம காலியா கெடக்கும். மீசை வச்ச ஆம்பளைக பதினஞ்சு பேரு அந்தத் துணித் தொட்டிலுகளுக்கு நடுவுல பாய் விரிச்சு ஒக்காந்திருப்பாங்க. எந்திரிக்கயில தொட்டில் கயிறு தலையில இடிக்கும். மொத வருசம் ஊரே சிரிச்சுச்சு. “அப்பா மாஸ்டரு போறாருடோய்”ம்பானுக. பக்கத்துக் காம்பராக்காரன் ஆண்டியப்பன் குடிச்சுட்டு வந்து வாசல்ல நின்னு, “மாஸ்டரு, எனக்குப் பால் குடுக்கச் சொல்லித் தருவீங்களா?”ன்னு கேட்டான். சோலைமலைக்கு அழுகையே வந்துருச்சு.

இந்த அழுகைய எங்க கொண்டு போறது? அதுக்குத்தான் மாசத்துல ரெண்டாவது சனிக்கெழம இருந்துச்சு.

வகுப்பு நடத்துற அந்த ஆறு பேரும் ரெண்டாவது சனிக்கெழம இரும்புக்கட மாடியில கூடணும்னு குகநேசன் ஏற்பாடு பண்ணி வச்சிருந்தாரு. தோட்டத்துக் கத பின்னாடி. மொதல்ல ஒவ்வொருத்தரும் சொந்த வீட்டுக் கதய சொல்லணும்.

“ஆக்களுக்குச் சொல்ல முன்னம் உங்கட வீட்டுக் கதையைச் சொல்லுங்கோ. இஞ்ச கதைக்கிறது இஞ்சயே நிக்கும். படியால இறங்கினா ஒருத்தரும் வாய் திறக்கப்படாது.” இதான் சட்டம்.

பேசுறவரு கையில ஏதாவது ஒண்ணு புடிச்சிருக்கணும், மத்தவங்க குறுக்க பேசக் கூடாதுன்னு சொல்லி, குகநேசன் ஒரு சின்ன ரப்பர் பந்த எடுத்து நீட்டுனாரு. டிக்கோயாப் பக்கத்துத் தோட்டத்துல இருந்து வார மாயாண்டி அத வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பாத்தாரு. பெரிய ஒடம்பு, பெரிய தொண்ட.

“சேர், நாப்பது வயசுல பந்து வெளயாடுனா பொண்டாட்டி சோறு போட மாட்டா. இந்தா எங்குட இருக்கு. இத புடிச்சுக்கிட்டுப் பேசட்டும். எவனுக்காவது எச்சி தெறிச்சா மத்தவன் விரிச்சுக்கலாம்.”

அன்னையில இருந்து அந்தக் குடதான். கருப்புத் துணி, வளைஞ்ச மரப் புடி, ஒரு கம்பி ஒடைஞ்சு நூலு போட்டுக் கட்டுனது. புடிச்சவன் பேசுவான், மத்தவன் வாய மூடிக்கிட்டு இருப்பான்.

அந்தக் குடய புடிச்சுக்கிட்டு ஒரு நாளு நல்லமுத்து அழுதாரு. திம்புள்ளப் பக்கத்து ஆளு. பொண்டாட்டி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிருச்சு. மூணு பொம்பளப் புள்ளைகளோட இவரு தனியா கெடக்குறாரு. சமைக்கிறாரு, துணி தொவைக்கிறாரு, அதெல்லாம் பரவாயில்ல. “தல பின்னத் தெரியலங்க. புள்ளைக தல விரிஞ்சு போயி பள்ளிக்கொடத்துக்குப் போகுதுக. தாய் செத்த புள்ளைக மாதிரி இருக்குன்னு டீச்சர் சொல்லிருச்சு.” சொல்லிட்டு அந்தக் குடத் துணியிலயே மூக்க சிந்துனாரு.

“அடப்பாவி, எங்குடய்யா அது!”ன்னாரு மாயாண்டி. அப்புறம் எந்திரிச்சு, கீழ கடையில போயி மூணு முழம் சணல் கயிறு வாங்கிக்கிட்டு வந்தாரு. நாற்காலி முதுகுல கட்டி, மூணா பிரிச்சு, “இது வலது, இது எடது, இது நடு. நடுவ விட்டா எல்லாம் விட்டுச்சு. பாத்துக்குங்கடா”ன்னு பின்னிக் காட்டுனாரு. அவருக்கு அஞ்சு தங்கச்சி, தாயில்லாம வளத்தவரு. ஆறு ஆம்பளைகளும் சாயந்தரம் வரைக்கும் நாற்காலிக்கு சட பின்னுனாங்க. குகநேசனும் பின்னுனாரு, அவரு பின்னுனதுதான் ரொம்ப மோசம்.

மறுவாரம் சோலைமலை மக தலைய புடிச்சு பின்னி விட்டாரு. ஒரு பக்கம் மேல, ஒரு பக்கம் கீழ. நாகலெட்சுமி பாத்துட்டு, “புள்ளைய இப்படியா பள்ளிக்கொடத்துக்கு அனுப்புவீங்க? பன வெட்டுன மாதிரி இருக்கு”ன்னு அவுக்கப் போச்சு. நிலக்ஷி விடல. அதே கோண சடையோட போச்சு, அதே கோண சடையோட திரும்பி வந்துச்சு. அதுக்கப்புறம் அந்தப் புள்ள பெரிய மனுசியாகுற வரைக்கும் சட அவரு கைதான். போகப் போக நேராவே பின்னுனாரு.

வகுப்பும் மெல்ல மெல்ல தேறி வந்துச்சு. ரெண்டாயிரத்தொண்ணுல, கேலி பண்ணுன அதே ஆண்டியப்பன் உள்ள வந்து பாயில ஒக்காந்தான். பட்டப்பகல்ல, எல்லாரும் தண்ணி புடிக்கிற பீலியில நின்னு புள்ள சட்டைய தொவைச்சான். பொம்பளைக எல்லாம் வேடிக்க பாக்க வந்தாங்க. ஒரு சட்ட தொவைச்சதுக்கு அவ்வளவு கூட்டம். நாங்க காலம் பூரா தொவைக்கிறோம், ஒரு நாயி திரும்பிப் பாக்குறதில்ல. அது கெடக்கட்டும்.

அப்பன்மாரு வந்து கொட்டுவாங்க, இவரு கேட்டுக்குவாரு. நெஞ்சு நெறஞ்சு போனா சனிக்கெழம ஹட்டனுக்குப் போயி குடய புடிச்சு கொட்டுவாரு. எறங்கி வாரப்ப தோள் ரெண்டும் லேசா இருக்கும். பஸ்ஸுல தூங்கிக்கிட்டே வருவாரு.

அப்புறம் சுனாமி வந்துச்சு. மலைக்கு தண்ணி வரல, ஆனா இங்க இருந்ததையும் அது அடிச்சுக்கிட்டுத்தான் போச்சு. ரெண்டாயிரத்தஞ்சு பெப்ரவரி கூட்டத்துல குகநேசன் ஒக்காராம நின்னுக்கிட்டே பேசுனாரு.

“கடற்கரைச் சனம் எல்லாத்தையும் இழந்து போய் நிக்குது. எங்கட வேலை முழுக்க அங்கால மாத்தியாச்சு. நானும் மட்டக்களப்புக்குப் போறன். வகுப்பை விட்டிடாதேங்கோ அண்ணை.”

“வகுப்பு கெடக்கட்டும் சேர். எங்க சனிக்கெழம?”

குகநேசன் காதுல இருந்த பஞ்ச எடுத்து கையில வச்சு உருட்டிக்கிட்டே நின்னாராம். அவர குத்தம் சொல்ல முடியாது. செத்தவங்களுக்கு முன்னாடி ஆறு ஆம்பளைக பேசிக்க எடம் வேணும்னு எந்த வாயால கேக்குறது? மாடிய பூட்டி சாவிய கடைக்காரருகிட்ட குடுத்தாச்சு. ஆறு பேருல மூணு பேரு அன்னையோட சரி.

மிச்சம் சோலைமலை, மாயாண்டி, நல்லமுத்து. மார்ச் மாசம் மூணு பேரும் ஹட்டன் ரயில்வே ஸ்டேஷன்ல கூடுனாங்க. கூர போட்ட எடம், பெஞ்சு இருக்கு, தேத்தண்ணி வாங்காம ஒக்காந்திருக்கீங்கன்னு யாரும் வெரட்ட மாட்டாங்க. கடைசி பெஞ்சுல குடய புடிச்சுக்கிட்டு பேசிக்கிட்டு இருந்தவங்கள ரயில்வேக்காரரு ஒருத்தரு வந்து பாத்தாரு.

“மாமே, கோச்சியே யனவத?” ரயில்ல போறீங்களான்னு சிங்களத்துல கேக்குறாரு.

“நே மாத்தயா, நிகங் இந்நவா.” சும்மா இருக்கோம்.

“சும்மா இருக்குறதுக்கும் டிக்கட் எடுக்கணுமா பாரு”ன்னு மாயாண்டி தமிழ்ல முணுமுணுத்தாரு. ரயில்வேக்காரரு சிரிச்சுட்டுப் போயிட்டாரு. அவருக்கு தமிழ் தெரியும் போல.

ஏப்ரல்ல வருசப் பொறப்பு நெருக்கம், யாரும் போகல. மே மாசம் பாத்துக்கலாம்னு இருந்தாங்க.

இதுக்கு எடையிலதான் நிலக்ஷி பதினோராங் கிளாஸ் முடிச்சு எழுதுன ஓ.எல். பரீட்ச ரிசல்ட் வந்துச்சு. ஏப்ரல் கடைசி. கணக்குல பெயிலு. கணக்கு பெயிலுன்னா எல்லாம் பெயிலு மாதிரித்தான், மேல படிக்க விட மாட்டாங்க. புள்ள யாருகிட்டயும் சொல்லல. தாய்கிட்ட கூட சொல்லல. அப்பன் ஸ்டோர்ல இருந்து வார வழியில, கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கிட்ட காத்துக்கிட்டு நின்னு, அவருகிட்ட மட்டும் சொல்லி அழுதுச்சு. ஏன் அவருகிட்ட? அடிக்காத அப்பன், கேக்குற அப்பன். ஏழு வருசமா அப்படித்தான வளத்திருக்காரு.

அந்த மனுசனுக்கு அன்னைக்கு என்ன புடிச்சுச்சோ. மாயாண்டியப் பாத்து ரெண்டு மாசமாச்சு. வகுப்புல ஒருத்தன் பொண்டாட்டிய வெட்டிட்டு ஓடிப் போயிருந்தான், அந்தப் பாரம் வேற நெஞ்சுல கெடந்துச்சு. தன் கையால பின்னி வளத்த அதே சடைய புடிச்சு இழுத்து, ரோட்டுலயே நாலு அடி அடிச்சாரு. நல்லவேளையா யாரும் பாக்கல. அடிச்ச கைய அவரே பாத்துக்கிட்டு நின்னாரு. புள்ளைக்கு முந்திக் காலத்து பழக்கம் மறக்கல போல, கையால தலைய மறைச்சுக்குச்சு.

அடிச்ச வெக்கத்துக்கு மருந்து போடுறதா நெனைச்சு அடுத்த தப்ப பண்ணுனாரு. லயத்துக்கு வந்து, கேட்டவங்ககிட்ட எல்லாம் “பாஸ், பாஸ்”ன்னு சொல்லிட்டாரு. நோர்வூட் கடையில அர கிலோ கல்கண்டு வாங்கி லயம் முழுக்க குடுத்தாரு. “வேணாம்ப்பா”ன்னு புள்ள கைய புடிச்சுச்சு. “டிசம்பர்ல திரும்ப எழுது, பாஸாயிரு. அப்புறம் பொய்யே இல்லயே”ன்னாரு. ஆம்பள மூளை!

கல்கண்டு தின்ன வாய் சும்மா இருக்குமா? கணக்கப்புள்ள காதுக்குப் போச்சு. தோட்டத்து முன்பள்ளிக்கு டீச்சர் இல்லாம கெடந்துச்சு. “ஓ.எல். பாஸ் பண்ணுன புள்ள நம்ம தோட்டத்துலயே இருக்கு. திங்கக்கெழம வரச் சொல்லுங்க, சர்டிபிகட் பொறகு குடுக்கலாம்”ன்னுட்டாரு. நிலக்ஷி தாயோட நல்ல சேலைய கட்டிக்கிட்டு போச்சு. பன்னண்டு நாளு டீச்சரா இருந்துச்சு. சின்னஞ்சிறுசுக “டீச்சர், டீச்சர்”ன்னு சேலையப் புடிச்சுக்கிட்டு லயம் வரைக்கும் வருங்க. புள்ள மொகத்துல சிரிப்பும் இருந்துச்சு, பயமும் இருந்துச்சு. பயம் இவருக்கு மட்டுந்தான் தெரிஞ்சுச்சு. அப்பனும் மகளும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்க மாட்டாங்க.

மே மாசம் ரெண்டாவது சனிக்கெழம. ஒரு நாள் பேரு சம்பளம் போனாலும் பரவாயில்லன்னு விடியவே கெளம்பி ஹட்டன் ஸ்டேஷனுக்குப் போயி கடைசி பெஞ்சுல ஒக்காந்தாரு. என்ன சொல்லணும்னு பஸ்ஸுலயே அடுக்கி வச்சிருந்தாரு. அடிச்சத சொல்லணும். பொய் சொன்னத சொல்லணும். மாயாண்டி திட்டுவாரு, திட்டட்டும். திட்டுனதுக்கப்புறம் வழி சொல்லுவாரு.

பத்து மணியாச்சு. பதினொண்ணாச்சு. பதுளைக்குப் போற கோச்சி வந்துச்சு, ஆளு எறங்குச்சு, ஏறுச்சு, போச்சு. நல்லமுத்து வரல. மாயாண்டி வரல. மழ வேற. ஒரு கருப்புக் குட தெரிஞ்சா எந்திரிச்சு நிப்பாரு. அது வேற யாராவதா இருக்கும். ஹட்டன்ல மழ நாள்ல எத்தன கருப்புக் குட!

மூணு மணிக்கு பஸ் ஏறி வந்துட்டாரு. கொண்டு போனத அப்படியே திருப்பிக் கொண்டு வந்தாரு.

மறுநாளு ஞாயிறு. புள்ள மடுவத்துல வகுப்பு. பதினெட்டு பேரு வந்திருந்தாங்க. “புள்ளைய கைநீட்டுனா என்ன ஆகும்”ங்குறதுதான் அன்னைக்குப் பாடம். சோலைமலை வாயத் தொறந்தாரு, பாடம் வரல. பக்கத்துல யாரோ சாத்தி வச்சிருந்த குட ஒண்ணு கையில தட்டுப்பட்டுச்சு. அத எடுத்து மடியில வச்சுக்கிட்டாரு. அவ்வளவுதான். ஹட்டன் மாடியில ஒக்காந்திருக்குற நெனப்பு வந்துருச்சோ என்னமோ.

“ஒங்களுக்குச் சொல்லுமுன்ன எங்க வீட்டுக் கதய சொல்றேன்”ன்னு ஆரம்பிச்சவரு, ஒண்ணு விடாம சொல்லிட்டாரு. ரோட்டுல அடிச்சது, சடைய புடிச்சு இழுத்தது, கணக்குல பெயிலானது, கல்கண்டு, பொய்யி, எல்லாம். அழுதாரு. கேட்டவங்கள்ல பாதிப் பேரு அழுதாங்க. “இங்க பேசுறது இங்கயே”ன்னு கடைசியில சொல்லவும் செஞ்சாரு.

ஹட்டன்ல பேசுனா அங்கயே நின்னுச்சுன்னா, ஏன் நின்னுச்சு? ஆறு பேரும் ஆறு தோட்டம். மாயாண்டிக்கு நிலக்ஷி மொகம் தெரியாது. நல்லமுத்து பொண்டாட்டிய இவரு பாத்ததில்ல. கேட்டு வச்சுக்கிட்டாலும் போயிச் சொல்ல ஆளில்ல. இங்க? பதினெட்டு பேரும் ரெண்டே லயம். காம்பராவுக்குக் காம்பரா ஒரு செவுரு. இங்க இருமுனா அங்க தண்ணி எடுத்துக் குடுப்பாங்க. ஏழு வருசம் பாடம் நடத்துன மனுசனுக்கு இது தெரியாம போச்சு.

ஆண்டியப்பன் கெட்ட எண்ணத்துல சொல்லல. பொண்டாட்டிகிட்ட பெருமையாத்தான் சொன்னான். “மனுசன்னா மாஸ்டருதாண்டி. தன் தப்ப சபையில ஒத்துக்குறாரு பாரு. மகள அடிச்சாராம், பெயிலானத பாஸுன்னு சொன்னாராம், அத்தனையும் சொல்லி அழுதாரு.” அவ பீலிக்குப் போனா. சாயந்தரம் வெளக்கு வைக்குமுன்ன ரெண்டு லயத்துக்கும் தெரிஞ்சு போச்சு. பெத்த தாய் நாகலெட்சுமிக்கே பீலியிலதான் தெரிஞ்சுச்சு, கொடத்துல தண்ணி வழிஞ்சு ஓடுனதும் தெரியாம நின்னுச்சாம்.

திங்கக்கெழம காலையில நிலக்ஷி சேல கட்டிக்கிட்டு கெளம்புறப்ப, எதுத்த காம்பரா கெழவன் ஒருத்தன், “டீச்சரம்மா, ஒண்ணும் ஒண்ணும் எத்தன?”ன்னு கேட்டான். புள்ள திரும்பி உள்ள வந்துருச்சு. கணக்கப்புள்ள ஆளனுப்பி சர்டிபிகட் கேட்டாரு. முடிஞ்சுச்சு.

நாகலெட்சுமி புருசன திட்டுன திட்டு இங்க எழுதுற மாதிரி இல்ல. நிலக்ஷி திட்டல. பைய எடுத்து துணிய வச்சுக்கிட்டே ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு.

“ஒங்ககிட்ட மட்டுந்தானப்பா சொன்னேன்?”

சோலைமலை வாசல்ல நின்னாரு. “அடிச்சதுக்கு மன்னிச்சுக்கம்மா”ன்னாரு.

“அடிச்சத நான் அன்னைக்கே மறந்துட்டேன்.”

அந்த வாரமே பக்கத்துத் தோட்டத்துப் புள்ள ஒண்ணோட கொழும்புக்குப் போயி, வத்தளையில ஒரு துணிக்கடையில சேந்துருச்சு. மறுவருசமே திரும்ப சண்ட மூண்டுருச்சு, அப்ப தமிழ்ப் புள்ள கொழும்புல தங்குறதுன்னா பொலிஸ்ல பதியணும், ரோட்டுக்கு ரோடு ஐடென்டி காட்டணும், எந்நேரம் யாரப் புடிப்பாங்கன்னு தெரியாது. ரேடியோவுல குண்டுன்னு சொன்னா இங்க ரெண்டு பேருக்கும் உசுரு போயி உசுரு வரும். புள்ள கடதாசி போடும், தாய் பேருக்கு. தாய்க்கு வாசிக்கத் தெரியாது. வாசிச்சுக் காட்டுறது அவருதான். அதுல அவரப் பத்தி ஒரு வரி இருக்காது. குரல் மாறாம வாசிச்சு முடிச்சு மடிச்சுக் குடுத்துருவாரு.

மாயாண்டி செத்த சேதி ஆகஸ்ட்லதான் தெரிஞ்சுச்சு. அவரு பொஞ்சாதி விசாரிச்சு விசாரிச்சு தேடிக்கிட்டு வந்துச்சு, இவருகிட்ட குடுக்க கையில அந்தக் குட.

“மே மாசம் எட்டாந் தேதி, நெஞ்சு வலின்னாருங்க. டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள போயிட்டாரு. ஒங்களுக்குச் சொல்லணும்னு இருந்துச்சு. எங்க இருக்கீங்கன்னு எங்க தோட்டத்துல யாருக்கும் தெரியல. ஹட்டன் கூட்டாளிகன்னு மட்டுந்தான் சொல்லுவாரு.”

எட்டாந் தேதி. இவரு பெஞ்சுல ஒக்காந்திருந்தது பதினாலாந் தேதி. ஏழு வருசம் ஒருத்தருக்கொருத்தரு உசுரா இருந்த ஆளுக, ஒருத்தன் செத்தா இன்னொருத்தனுக்குத் தெரியப்படுத்த ஒரு விலாசம் இல்ல. வீட்டுக் கதய படிக்குக் கீழ கொண்டு போகக் கூடாதுன்னு சொன்னதுல, வீட்டையே மறைச்சு வச்சுட்டாங்க. நல்லமுத்து எங்கன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. கொழும்புல ஏதோ கடையிலன்னு ஒரு பேச்சு.

வகுப்ப அவரு விடல. விட்டுருவாருன்னுதான் நாகலெட்சுமி நெனைச்சுச்சு. ஆனா ஞாயித்துக்கெழமன்னா வாசல்ல ரெண்டு பேராவது வந்து நிப்பானுக. கேப்பாரு. தன் வீட்டப் பத்தி மட்டும் ஒரு வார்த்த வராது. அதுக்கப்புறம்தான் அந்தத் தெனப் பேச்சு தொடங்குச்சு. நான் எங்க போயி கொட்டுறது, நான் எங்க போயி கொட்டுறது.

ரெண்டாயிரத்தேழுல நிலக்ஷி கடையில கூட வேல செஞ்ச பையனையே கட்டிக்கிச்சு. கல்யாணத்துக்கு தாய் மட்டும் போச்சு. மறுவருசம் பொம்பளப் புள்ள பொறந்துச்சு. தாய்க்கு வந்த கடதாசிய வழக்கம் போல அவருதான் வாசிச்சாரு. பாதியில நின்னுட்டாரு.

“என்ன எழுதியிருக்கு? வாசிங்க!”

“அவரையும் கூட்டிக்கிட்டு வாங்க. ஆனா அவரு எதுவும் பேச வேணாம்னு எழுதியிருக்கு.”

போனாங்க. மூணு எடத்துல செக்கிங். வத்தளையில ஒரு சின்ன அறை. நிலக்ஷி தாய்கிட்ட பேசுச்சு, அவரு பக்கம் திரும்பாம கொழந்தைய மட்டும் நீட்டுச்சு. தலைக்குக் கீழ கை குடுத்து, கழுத்து தொங்காம, எப்படித் தூக்கணுமோ அப்படித் தூக்குனாரு. எத்தன அப்பன்மாருக்குச் சொல்லிக் குடுத்த கை. ஒரு மணி நேரம் வச்சிருந்தாரு. மக சொன்னபடி ஒரு வார்த்த பேசல. கெளம்புறப்ப நிலக்ஷி கொழந்தைய வாங்கிக்கிட்டு, “மெதுவா போங்க”ன்னுச்சு. ரெண்டு பேருக்கும் சேத்துச் சொன்னதா, தாய்க்கு மட்டும் சொன்னதான்னு அவருக்கு இன்னும் வெளங்கல. பஸ்ஸுல நாகலெட்சுமிகிட்ட நாலு தடவ கேட்டாரு. “எனக்கு என்ன தெரியும், ரெண்டு பேருக்குந்தான்னு வச்சுக்குங்களேன்”ன்னுச்சு. அந்தப் பொம்பள வாயில இருந்து வந்த நல்ல வார்த்த அது ஒண்ணுதான்.

வருசம் ஒண்ணு ஓடிருச்சு. புள்ள இன்னும் தோட்டத்துக்கு வரல.

இப்பவும் மாசத்துல ரெண்டாவது சனிக்கெழம சோலைமலை ஹட்டன் ஸ்டேஷனுக்குப் போறாரு. கடைசி பெஞ்சு. வளைஞ்ச புடி போட்ட கருப்புக் குட, ஒரு கம்பியில நூலு. பத்து மணியில இருந்து மூணு மணி வரைக்கும். யாரும் வாரதில்ல. ரயில்வேக்காரரு மட்டும் சில நேரம் தேத்தண்ணி வாங்கிக் குடுக்குறாராம்.

இத வாசிக்கிறவங்கள்ல இந்த மாதிரி வகுப்பு, கூட்டம்னு நடத்துறவங்க யாராவது இருந்தா, ஊரான் வீட்டுக் கதயெல்லாம் கேட்டுக் கேட்டு நெஞ்சடைச்சுப் போனவங்க இருந்தா, ஒரு சனிக்கெழம போயி அந்த மனுசனப் பாருங்க. பழம், பிஸ்கட் ஒண்ணும் வேணாம். வேற தோட்டத்து ஆளா, வேற ஊரு ஆளா இருந்தா ரொம்ப நல்லது. பக்கத்துல ஒக்காருங்க. குடய நீட்டுவாரு. வாங்கிப் புடிச்சுக்கிட்டு மொதல்ல ஒங்க வீட்டுக் கதய சொல்லுங்க. அப்புறம் குடய அவருகிட்ட திருப்பிக் குடுத்துட்டு, அவரு பேசி முடிக்கிற வரைக்கும் இருந்துட்டு வாங்க. வாரப்ப மறக்காம ஒங்க விலாசத்த எழுதிக் குடுங்க.